எல்லாம் தெரியும் போர்க்களத்தில் உளவுக்கு என்ன வேலை?

உதகை கலைக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாட்டிலைட் மேலே இருந்து பார்க்கிறது, ட்ரோன் பக்கத்தில் வந்து பார்க்கிறது, ஏ.ஐ. எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லிவிடுகிறது. இனிமேல் உளவுத்துறைக்கு என்ன வேலை சார்? அந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறவன் கம்ப்யூட்டர் படித்தால் போதுமா?"

ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வெலிங்டன் பக்கம் குடியிருப்பவன் நான். தெரிந்த வரையில் விரிவாகவே சொல்கிறேன் தம்பி, கேட்டுக்கொள்.

வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. பாரம்தான் இடம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தகவலைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். இப்போது தகவல் தானாக வந்து குவிகிறது. குவிந்ததில் எது நிஜம், எதிராளி மனசில் என்ன ஓடுகிறது, இதை மேலே இருப்பவர் காதில் எந்த நேரத்துக்குள் போட வேண்டும் என்பதில்தான் இன்று உயிர் போகிறது.

பழைய காலத்து வேலை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இந்த மாற்றம் புரியும். ஒட்டுக்கேட்பு என்றால் அன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டயலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே எதிர்ப்பக்கத்து மோர்ஸ் ஒலியை, அதாவது புள்ளியும் டேஷுமாகத் தட்டி அனுப்பும் தந்தி ஒலியை, பிடிப்பதுதான். சங்கேதத்தில் அனுப்புவார்கள், செய்தி புரியாது. புரியாமலேயே நிறைய தெரிந்துவிடும். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு 'கை' உண்டு. ஒருவன் டேஷைக் கொஞ்சம் இழுப்பான், ஒருவன் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூச்சே விடமாட்டான். பழகிய காதுக்கு ஆள் தெரிந்துவிடும். போன வாரம் வடக்கே இருந்து கேட்ட கை இந்த வாரம் மேற்கே இருந்து கேட்டால், அவன் மட்டுமா நகர்ந்திருப்பான்? அவன் பட்டாலியனும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது. செய்தி திடீரென்று பெருகினால் ஏதோ ஏற்பாடு நடக்கிறது. எல்லாம் ஒரே நாளில் அடங்கி, ஈயாடாமல் போனால் அப்போதுதான் உண்மையில் வயிற்றைக் கலக்கும். பெரிய நகர்வுக்கு முன்னால் வயர்லெஸ்ஸை மூடிவிடுவது எந்த ராணுவத்துக்கும் பழக்கம்.

இன்றைக்கு ரேடியோ அலைவரிசை நொடிக்குப் பல தடவை தாவுகிறது, சங்கேதம் உடையாது. ஆனால் அடிப்படை அதேதான். என்ன பேசினான் என்று தெரியாவிட்டாலும் எங்கிருந்து, எப்போது, எத்தனை பேர் பேசினார்கள் என்பது கிடைத்தால் பாதிக் கதை வந்துவிடும். அந்தக் கதையை இப்போது பட்டாளத்துக்காரன் மட்டும் சொல்வதில்லை, பையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் சொல்கிறார்கள்.

2022 பிப்ரவரி 24 விடியற்காலையில் ரஷ்யாவின் பெல்கோரோத் நகரத்தில் இருந்து உக்ரைன் எல்லைக்குப் போகும் சாலையில் போக்குவரத்து நெரிசல் என்று கூகுள் மேப் காட்டியது. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் யார் இருப்பார்கள்? ராணுவ வண்டிகள் வழியை அடைத்ததால் நின்றுபோன சாதாரண ஜனங்களின் போன்கள்தான் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் மிடில்பரி நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லூயிஸ் என்ற ஆய்வாளர் அதைப் பார்த்து, படை நகர ஆரம்பித்துவிட்டது என்று புடின் அறிவிப்பதற்கு முன்பே எழுதிவிட்டார். ரகசியத் தகவல் எதுவும் அதற்கு அவருக்குத் தேவைப்படவில்லை. சில நாட்களில் கூகுள் நிறுவனம் உக்ரைனுக்குள் நேரலைப் போக்குவரத்து வசதியை நிறுத்தி வைத்தது.

ஆனால் அதே போரின் முன்கதையைப் பார். 2021 கடைசியில் இருந்தே ரஷ்யப் படை எல்லையில் குவிவது ஊருக்கெல்லாம் தெரியும். மாக்ஸார் போன்ற தனியார் நிறுவனங்களின் செயற்கைக்கோள் படங்கள் பத்திரிகைகளிலேயே வந்துகொண்டிருந்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் 'வரப்போகிறான்' என்றன. பிரான்ஸ் உளவுத்துறை 'வரமாட்டான், அவ்வளவு பெரிய விலையைக் கொடுக்கத் துணியமாட்டான்' என்று கணித்தது. வந்துவிட்டான். கணிப்பு வேறுபட்டதைப் பிரெஞ்சு முப்படைத் தளபதி தியெரி புர்கார் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவர்களுடைய ராணுவ உளவுத் தலைவர் எரிக் விடோ அடுத்த மாதமே பதவியை விட்டுப் போக நேர்ந்தது. படையைக் கண்ணால் பார்ப்பதில் இரு தரப்புக்கும் குறைவில்லை. மனசைப் படிப்பதில் ஒருவர் தேறினார், ஒருவர் தேறவில்லை.

தேறிய அமெரிக்கர்களும் அடுத்த கேள்வியில் விழுந்தார்கள். கீவ் சில நாட்களில் வீழ்ந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். உக்ரைன்காரன் நின்று சண்டை போடுவான் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் படம் எடுத்துக் கொடுக்கவில்லை. இதற்கு நேர் எதிராக, 2021 ஆகஸ்டில் தாலிபான் முன்னால் ஆப்கன் ராணுவம் இவ்வளவு சீக்கிரம் கரைந்துவிடும் என்றும் யாரும் சொல்லவில்லை. துப்பாக்கியை எண்ணலாம், அதைப் பிடித்திருப்பவனின் உறுதியை எண்ண முடியாது. ஒரு நாட்டின் உளவுத்துறை எவ்வளவு தேறியது என்பதை இந்த ஒன்றை வைத்துத்தான் நான் அளப்பேன்.

தகவல் பெருகினால் தெளிவும் பெருகும் என்று நினைப்பது இயல்பு. நம் மலையில் மழை விட்டு வெயில் அடித்ததும் தேயிலைக் கொழுந்து மளமளவென்று வரும். ஃபேக்டரியில் வாடவைக்கும் தொட்டி நிரம்பி வழியும், அந்த வாரத்துத் தூள்தான் தரம் குறையும். உளவிலும் அதே கதை. வந்ததைப் பார்க்கும் ஆள் அத்தனை பேர்தான், அவர்களுக்கு நேரமும் அவ்வளவுதான். ட்ரோன் எடுக்கும் வீடியோவை உட்கார்ந்து பார்க்க ஆள் போதாது என்றுதான் அமெரிக்க ராணுவம் 2017-இல் 'மேவன்' என்ற திட்டத்தைத் தொடங்கி, அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தது. கணினி நன்றாகவே செய்கிறது. லாரி, டாங்கி, பீரங்கி என்று பிரித்துச் சொல்லும், தூக்கம் வராது. ஆனால் அதை ஏமாற்றவும் முடியும். உக்ரைன் மரத்தால் பொய்யான ராக்கெட் வண்டிகளைச் செய்து வயலோரம் நிறுத்தியது. அவற்றை அசல் ஹைமார்ஸ் என்று நம்பி ரஷ்யா விலை உயர்ந்த ஏவுகணைகளை வீசியது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கியது பற்றி நீண்ட நேரம் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். காஸா எல்லையில் இஸ்ரேல் போட்டிருந்த வேலி, கேமரா, உணர்கருவி எல்லாம் உலகத்திலேயே முன்னணி. கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் பெண் சிப்பாய்கள், அந்தப் பக்கம் பயிற்சி நடக்கிறது, ஏதோ வரப்போகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். தாக்குதல் திட்டமே ஓராண்டுக்கு முன்னால் கையில் கிடைத்திருந்தது. 'ஹமாஸுக்கு அந்தத் திராணி இல்லை' என்று மேலே இருந்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ராணுவ உளவுத் தலைவர் அஹரோன் ஹலீவா 2024 ஏப்ரலில் பொறுப்பேற்று விலகினார். எனக்கு இதில் மனம் ஆறாதது அந்தப் பெண்கள்தான். பார்த்ததைச் சொன்னார்கள், கேட்க ஆளில்லை. அவர்களில் பலர் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள், சிலர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இனி ட்ரோனுக்கு வருகிறேன். ட்ரோன் கொண்டுவந்த பெரிய மாற்றம் நேரம். முன்பு ரோந்துக்காரன் பார்த்ததைக் கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி பட்டாலியனுக்குச் சொல்லி, படம் எடுத்து, வரைபடத்தில் குறித்து, பிறகுதான் பீரங்கிக்கு உத்தரவு போகும். இப்போது பார்ப்பவனும் அடிப்பவனும் ஒரே குழியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்த சில நிமிடங்களில் குண்டு விழுகிறது. இரண்டாம் தடவை பார்த்து உறுதி செய்யும் அவகாசம் அங்கே சுருங்கிப்போகிறது. அவகாசம் சுருங்கும் இடத்தில் தவறான ஆள் சாவது கூடும். இதை வெற்றியாக மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ட்ரோன் இன்னொரு வேலையும் செய்யும். 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வரை அனுப்பியது என்று மறுநாள் நம் அரசு தரப்பில் சொன்னார்கள். நம் வான் பாதுகாப்பைச் சோதித்துத் தகவல் திரட்டுவதுதான் நோக்கமாக இருக்கலாம் என்றும் கர்னல் சோஃபியா குரேஷி அப்போதே விளக்கினார். ட்ரோன் வந்தால் ரேடாரைப் போட்டாக வேண்டும், சுட்டாக வேண்டும். போட்டால், சுட்டால், எது எங்கே இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். சுட்டு வீழ்த்தப்பட்ட ட்ரோனும் விழும்போதே தன் உளவு வேலையை முடித்திருக்கும். எதைச் சுடுவது, எதைப் போகவிடுவது என்ற முடிவே இப்போது உளவுக் காப்பு வேலையாகிவிட்டது.

எல்லாம் தெரிகிற களத்தில் திடீர்த் தாக்குதல் சாத்தியமில்லை என்கிறார்கள். 2022 செப்டம்பரில் உக்ரைன் கெர்சோன் பக்கம் தாக்கப்போவதாக ஊரறியப் பேசிவிட்டு கார்கிவ் பக்கம் பாய்ந்தது. 2024 ஆகஸ்டில் குர்ஸ்க் எல்லையைத் தாண்டி ரஷ்யாவுக்குள்ளேயே புகுந்தது. 2025 ஜூன் 1 அன்று லாரிகளில் மரக் கூண்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களால் ரஷ்யாவின் விமான தளங்களைத் தாக்கியது. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நடந்த ஏற்பாடு என்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியே சொன்னார். எதிராளி எதைப் பார்த்தால் எதை நம்புவான் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதையே காட்டினார்கள். லாரி போவதை யாரும் பார்க்காமல் இல்லை, பார்த்தும் லாரி என்றே நினைத்தார்கள்.

மேகமும் இன்னும் தன் வேலையைச் செய்கிறது. ஜூலையில் காலை 10 மணிக்குக் கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பாய். எதிர் மலையே இருக்காது, ரயில் சத்தம் மட்டும் கேட்கும். சாதாரண கேமரா செயற்கைக்கோளுக்கும் அந்த வெள்ளை மட்டும்தான் தெரியும். அதற்காகத்தான் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009 ஏப்ரலில் நாம் ரிசாட்-2 அனுப்பினோம். அது மேகத்தைத் தாண்டும், ஆனால் அடர்ந்த சோலைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று அது சொல்லாது.

இனி நம்மைத் தொடும் விஷயம், செல்போன். 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனில் ரஷ்யா பிடித்து வைத்திருந்த மகீவ்கா என்ற ஊரில் ரஷ்யச் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே சொன்னது. தடையை மீறிச் சிப்பாய்கள் போன் பேசியதுதான் இடத்தைக் காட்டிக் கொடுத்தது என்றது அவர்கள் ராணுவ அமைச்சகம். மேலதிகாரிகள் தங்கள் பொறுப்பைத் தள்ளிவிடச் சொன்ன காரணமாகவும் இருக்கலாம். ஆனால் நடக்கக்கூடிய விஷயம்தான். 2017 கடைசியில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் வெளியிட்ட வரைபடத்தில், பாலைவனத்து ரகசிய முகாம்களைச் சுற்றிச் சிப்பாய்கள் ஓடிய பாதை பளிச்சென்று தெரிந்தது. சரி, போனே வேண்டாம் என்று பேஜருக்கு மாறினது லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்பு. 2024 செப்டம்பர் 17 அன்று இஸ்ரேல் முன்பே வெடிமருந்து ஒளித்து வைத்திருந்த அந்தப் பேஜர்களே ஒரே நேரத்தில் வெடித்தன, குழந்தைகள் உட்பட வெளியாட்களும் மடிந்தார்கள். சாமான் எங்கே தயாராகிறது, யார் கைமாறி வருகிறது என்பதே இன்று உளவுக்களம்.

வெலிங்டனில் இருப்பவர்களுக்கு இது தொலைதூரத்துக் கதை இல்லை. 1947-இல் இருந்து ஸ்டாஃப் காலேஜ் இங்கே இருக்கிறது. முப்படை அதிகாரிகளும், நட்பு நாட்டு அதிகாரிகளும் வந்து படிக்கிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையமான எம்.ஆர்.சி. இருக்கிறது, அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி இருக்கிறது. பட்டாளத்தில் லீவு ரத்தானால் பேப்பரில் வருவதற்கு முன்பே நம் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். முன்பு அந்தப் பேச்சு இந்த மலையை விட்டு இறங்காது. இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'பத்திரமா போயிட்டு வாங்க' என்று யூனிஃபார்ம் படத்தோடு ஏறுகிறது. பர்லியார் வளைவில் ராணுவ வண்டிகளைப் பார்த்தால் உடனே ரீல்ஸ். பாசத்தில், பெருமையில் போடுகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் போடும் படத்தோடு இன்னும் பத்து ஊரில் போடும் படத்தைச் சேர்த்துப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். நான் ஹெட்போனில் கேட்டதைவிட அவன் வேலை எளிது. மும்பைத் தாக்குதலின்போது டி.வி. நேரலையைப் பார்த்துக்கொண்டே பாகிஸ்தானில் இருந்து உத்தரவு போட்டார்கள். அதனால்தான் 2025 ஏப்ரல் 26 அன்று, பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. கையில் போன் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும். வீட்டு ஜனங்களிடம் இதைச் சொல் தம்பி, கோபித்துக்கொண்டாலும் சொல்.

சரிபார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. சூலூரில் இருந்து ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துகொண்டிருந்தார். முதலில் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றியவர்கள், கம்பளியில் தூக்கியவர்கள் அந்த ஊர் ஜனங்கள். அன்று மாலைக்குள் ஒரு வீடியோ எல்லோர் போனிலும் வந்தது, ஹெலிகாப்டர் வானத்திலேயே தீப்பிடித்துச் சுழன்று விழுகிறது. பார்த்தவர்கள் 'சதி' என்று முடிவே கட்டிவிட்டார்கள். அது 2020-இல் சிரியாவில் எடுத்த வீடியோ. அதன் பின்னணியைப் பார்த்தாலே நம் மலை இல்லை என்று தெரியும், ஆனால் துக்கத்தில் யார் பின்னணியைப் பார்ப்பார்கள்? மறுநாள் வேறொரு வீடியோ வந்தது. காட்டேரி பக்கம் ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்தது. சில நொடிகள்தான். ஹெலிகாப்டர் தாழ்வாக வருகிறது, மேகத்துக்குள் நுழைந்து மறைகிறது, பிறகு சத்தம். அது அசல். எடுத்த போனையே போலீஸ் வாங்கித் தடயவியல் சோதனைக்கு அனுப்பியது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய், விமானிக்குத் திசை தடுமாறி, மலையில் மோதியது என்று முப்படை விசாரணை முடிவு சொன்னது. ஒரு நிஜம், ஒரு பொய், இரண்டும் ஒரே போனில் ஒரே நாள் இடைவெளியில் வந்து சேர்ந்தன. எடுத்த இடம் எது, நேரம் எது, வெளிச்சம் எந்தப் பக்கம், தண்டவாளம் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பிரிப்பதுதான் இன்றைய உளவுப் பகுப்பாய்வாளரின் அன்றாடம். போர்க்காலத்தில் இதைப்போல ஆயிரக்கணக்கில் வரும், வேண்டுமென்றே தயாரித்தும் அனுப்புவார்கள். 2022 மார்ச்சில் ஜெலன்ஸ்கி சரணடையச் சொல்வதாகப் போலி வீடியோ வந்தது. 2025 மே மாதம் வீடியோ கேம் காட்சியைப் போர்க் காட்சி என்று நம் ஆட்களே பரப்பினார்கள். பத்துப் பேர் சொல்கிறார்களே என்று நம்பிவிடக் கூடாது. பத்துப் பேரும் ஒரே ஆளிடம் இருந்து எடுத்தவர்களாக இருக்கும்.

கிடைத்த உண்மையை வெளியே சொல்வதா என்பது தனிப் பிரச்சினை. 1999 மே மாதக் கடைசியில், பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தலைவர் முஷாரஃபும் ராவல்பிண்டியில் இருந்த அவரது தளபதி அஜீஸும் பேசிய தொலைபேசிப் பேச்சு நம் உளவுத்துறையிடம் சிக்கியது. கார்கிலில் இருப்பது பாகிஸ்தான் ராணுவம்தான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஜூன் 11 அன்று அரசு அதை வெளியிட்டது. உலகம் நம் பக்கம் திரும்ப உதவியது. ஆனால் தன் பேச்சு கேட்கப்படுகிறது என்று தெரிந்தவன் அந்த வழியில் மறுபடி பேசுவானா? 2022-இல் அமெரிக்கா தன் உளவுத் தகவலை முன்கூட்டியே வெளியிட்டபோதும் இதே கணக்குத்தான். பொய் பரவும் வேகத்தைப் பார்த்தால், வெளியிடும் பக்கம்தான் இனி அரசுகள் அதிகம் சாயும் என்று நினைக்கிறேன். இழப்பு இருக்கும், தெரிந்தே செய்ய வேண்டியதுதான்.

அதே கார்கிலில் முதல் தகவல் கொடுத்தவர் யார்? தாஷி நம்கியால் என்ற மலைவாசி. 1999 மே தொடக்கத்தில் பட்டாலிக் பக்கம் காணாமல் போன யாக் மாட்டைத் தேடிப் போனவர், பைனாகுலரில் பார்த்தபோது அன்னியர் பதுங்குகுழி தோண்டுவதைக் கண்டு ராணுவத்துக்குச் சொன்னார். பிறகு அமைந்த கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அந்தக் குழுவும் அதைத் தொடர்ந்து வந்த பரிந்துரைகளும்தான் 2002-இல் பாதுகாப்பு உளவு முகமையும், 2004-இல் தொழில்நுட்ப உளவுக்கான என்.டி.ஆர்.ஓ.வும் உருவாகக் காரணம். கருவி வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மலையை நாள்தோறும் பார்ப்பவனுக்குத்தான் அங்கே எது புதிது என்று தெரியும். அவன் நம்மிடம் வந்து சொல்ல வேண்டுமென்றால், முன்பே அவனை மதித்திருக்க வேண்டும்.

இனி நீ கேட்ட இரண்டாவது கேள்வி. கம்ப்யூட்டர் படி, தாராளமாகப் படி. படத்தை ஆராய, தரவைப் பிரிக்க, ஹேக்கிங்கைத் தடுக்க ஆள் வேண்டும். அது மட்டும் போதாது. பக்கத்து நாட்டு மொழி ஒன்றையாவது ஆழமாகப் படி. சீனம், உருது, பர்மியம், சிங்களம், எதுவானாலும் பத்திரிகை படித்து, அவர்கள் வாய்ச்சண்டை புரிகிற அளவுக்கு. பாஷையை மிஷின் மொழிபெயர்க்கும், ஆனால் மிரட்டலா வீறாப்பா என்று அந்த ஊர்ப் பேச்சில் பழகியவன்தான் சொல்வான். அந்த நாட்டு வரலாறு, சம்பளம், சாதி, மதம், ராணுவத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு, இவற்றைப் படி. ஸ்டாஃப் காலேஜில் அதிகாரிகள் நாளெல்லாம் எழுதிப் பழகுவது ஏன் என்று யோசி. தெரிந்தது இது, ஊகம் இது என்று பிரித்து ஒரே பக்கத்தில் எழுதத் தெரிய வேண்டும். மேலதிகாரி விரும்பாத பதிலையும் அந்தப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும். யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., இன்டெலிஜென்ஸ் பீரோவின் ஏ.சி.ஐ.ஓ. தேர்வு, முப்படையில் அதிகாரியாகச் சேரும் சி.டி.எஸ்., நான்கிலும் இந்த வேலைக்கு வழி இருக்கிறது. வயது வரம்பை மட்டும் இப்போதே பார்த்துவிடு, மொழியை இந்த வருடமே ஆரம்பி.